நகர வீதிக்கு ஒரு லிண்டன்: கிரீன்ஸ்பையர் ரகத்தைத் தேர்ந்து, நட்டு, வளர்க்கும் முறை

ஐரோப்பிய நகரங்களில் ஜூன் மாதப் பின்பாதியில் மாலை நடை போகிறவர்களுக்கு, எங்கிருந்து வருகிறதென்று உடனே பிடிபடாத ஒரு தேன்மணம் தெருவெங்கும் நிறைந்திருப்பது நன்றாகத் தெரியும். அண்ணாந்து பார்த்தால், இதய வடிவ இலைகளுக்கு இடையில், நாக்குப் போல நீண்ட வெளிர்பச்சைச் சிற்றிலை ஒவ்வொன்றிலிருந்தும் கொத்தாகத் தொங்கும் இளமஞ்சள் பூக்கள் கண்ணில் படும். அதுதான் லிண்டன் மரம். போலந்து மொழியில் ஜூலை மாதத்தின் பெயர் இந்த மரத்தின் பெயரிலிருந்து வந்தது. லிதுவேனிய மொழியில் மரத்துக்கும் ஜூலைக்கும் ஒரே சொல். தெற்கே, சற்று முன்னதாகவே பூக்கும் குரோவேஷியாவில் அதே பெயர் ஜூன் மாதத்தைக் குறிக்கிறது. பெர்லின் நகரத் தெருமரங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் லிண்டன்தான். அந்நகரின் புகழ்பெற்ற பெருவீதியான ‘உன்டர் டென் லிண்டன்’, அதாவது ‘லிண்டன் மரங்களின் கீழே’, 1647இல் நடப்பட்ட மர வரிசைகளிலிருந்து பெயர் பெற்றது.

பெர்லினிலும் ஜூரிக்கிலும் டொராண்டோவிலும் வாழும் தமிழர்கள் நாள்தோறும் கடந்து போகும் மரம் இது. வீட்டு முன்முற்றத்திலோ, குடியிருப்பு வளாகத்திலோ, நகராட்சியின் அனுமதியுடன் தெருவோரத்திலோ ஒரு மரம் நட விரும்புகிறவர்களுக்கும், பூங்காப் பராமரிப்பில் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். லிண்டனில் பல இனங்கள் உண்டு. ஒவ்வோர் இனத்திலும் பல ரகங்கள் உண்டு. இங்கே சிற்றிலை லிண்டனின் ‘கிரீன்ஸ்பையர்’ ரகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தெருவுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட இந்த மரம் நூறாண்டு நிற்குமா, இருபதாம் ஆண்டில் ஒரு புயலில் பிளந்து விழுமா என்பதைப் பெரும்பாலும் அதன் இரண்டு இடங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, அடிமரம் விரிந்து வேராக மாறும் தூர். மற்றொன்று, கிளைகள் பிரியும் கவை. இந்த இரண்டையும் முதல் பத்து ஆண்டுகளில் சரியாகக் கவனித்துவிட்டால், பிறகு மரம் நம்மிடம் கேட்பது மிகக் குறைவு.

மரத்தை அறிந்துகொள்ளுதல்

சிற்றிலை லிண்டன் ஐரோப்பாவின் பெரும் பகுதியிலும், காகசஸ் மலைப்பகுதியிலும், மேற்குச் சைபீரியா வரையிலும் இயற்கையாக வளர்வது. இலை பெரும்பாலும் 3 முதல் 8 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அடிப்பக்கத்தில் நரம்புகள் பிரியும் மூலைகளில் துருநிறத்தில் சிறு மயிர்க்கொத்துகள் தெரியும். கடையில் சொல்லும் பெயரை நம்புவதைவிட இந்த அடையாளத்தைப் பார்ப்பது நல்லது. பிரிட்டனில் இதை ‘லைம்’ என்று அழைப்பதால் எலுமிச்சையோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. உண்மையான உறவு வேறோர் இடத்தில் இருக்கிறது. தாவரவியலார் இன்று லிண்டனை வைத்திருக்கும் பெருங்குடும்பத்தில்தான் நம் பூவரசும், செம்பருத்தியும், பருத்தியும், வெண்டையும் இருக்கின்றன. பூவரச இலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு லிண்டன் இலை அந்நியமாகத் தோன்றாதது அந்த இதய வடிவத்தால்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் சடச்சி மரத்தின் அறிவியற்பெயரில் ‘லிண்டன் இலை கொண்டது’ என்றே ஒரு சொல் இருக்கிறது.

உறவு இருந்தாலும் சிற்றிலை லிண்டனைத் தமிழ்நாட்டுச் சமவெளியில் வளர்க்க முயல வேண்டாம். இலை உதிர்த்துக் குளிர்காலம் முழுவதும் உறங்கி எழும் மரம் இது. நீண்ட, உலர்ந்த வெப்பத்தில் இலை விளிம்பு கருகி நலியும். அமெரிக்க வேளாண் துறையின் குளிர்தாங்கும் மண்டலக் கணக்கில் கிரீன்ஸ்பையருக்கு உரியவை 4 முதல் 7 வரையான மண்டலங்கள். பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் குளிரையும் அது பொறுத்துக்கொள்ளும் என்பது இதன் பொருள்.

கிரீன்ஸ்பையர் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இருந்த பிரின்ஸ்டன் நாற்றுப்பண்ணையில், வில்லியம் ஃபிளெமர் என்பவரின் முயற்சியால் உருவானது. 1961இல் அதற்குத் தாவரக் காப்புரிமை வழங்கப்பட்டது. விதையிலிருந்து முளைக்கும் லிண்டன் கன்றுகள் ஒன்றுபோல் வளர்வதில்லை. ஒன்று அகலமாகப் படரும், ஒன்று வளைந்து போகும். தெருவில் இருபது மரங்களை வரிசையாக நிறுத்த வேண்டியவர்களுக்கு அது பெரிய தொல்லை. நேரான ஒற்றை நடுத்தண்டு, இளமையில் கூம்பாகவும் முதிர்ந்தபின் முட்டை வடிவாகவும் அமையும் சீரான தலை, அடர்பச்சையான தடித்த சிற்றிலைகள் ஆகியவற்றை இந்த ரகம் தவறாமல் தருகிறது என்பதால் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது வேகமாகப் பரவியது. முழு வளர்ச்சியில் 12 முதல் 15 மீட்டர் உயரமும், 9 முதல் 12 மீட்டர் அகலமும் எதிர்பார்க்கலாம்.

இந்தச் சீரான வடிவத்துக்கு ஒரு விலையும் உண்டு. மேல்நோக்கிச் சாய்ந்து எழும் பல கிளைகள் தண்டின் ஒரே இடத்தில் நெருக்கமாகப் பிறப்பது இந்த ரகத்தின் இயல்பு. அவை பருத்துவரும்போது இரண்டு கிளைகளுக்கு இடையில் மரப்பட்டை உள்ளே மடிந்து சிக்கிக்கொள்ளும். வெளியே உறுதியாகத் தோன்றும் கவை உள்ளே ஒட்டாமலே இருக்கும். எந்தக் குணத்துக்காக மரத்தை விரும்பி வாங்குகிறோமோ, அதுவே அதன் பலவீனமாகவும் இருப்பதால்தான் கவாத்தை, அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்வதைப் பற்றிப் பின்னால் சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இடம் தேர்தல்

மின்கம்பிகளுக்குக் கீழே நடக் கூடாது. சுவரிலிருந்து குறைந்தது 5 அல்லது 6 மீட்டர் தள்ளி நடுவது நல்லது. மரத்தின் தலை 10 மீட்டர் அகலத்துக்கு விரியும் என்பதை நினைத்துப் பார்த்தால் இது அதிகமில்லை. வரிசையாக நடும்போது மரத்துக்கு மரம் 8 முதல் 10 மீட்டர் இடைவெளி விடலாம். நாள் முழுவதும் வெயில் படும் இடம் சிறந்தது. அரை நிழலையும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் பூ குறையும்.

மண்ணைப் பொறுத்தவரை லிண்டன் பிடிவாதம் பிடிக்கும் மரமன்று. கட்டட இடிபாடுகளும் சிமெண்ட் தூளும் கலந்து காரத்தன்மை ஏறிவிட்ட நகர மண்ணில்கூட இது வளரும். பல மரங்கள் அந்த மண்ணில் வெளிறிப்போவதை நினைத்தால் இது பெரிய நற்குணம். தண்ணீர் தேங்கும் நிலத்தை மட்டும் அது ஏற்காது. நட விரும்பும் இடத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் பாருங்கள். தண்ணீர் இன்னும் நின்றுகொண்டிருந்தால், வடிகால் வசதி செய்யாமல் அங்கே நடுவது வீண்.

மண்ணின் தன்மையைவிட மண்ணின் அளவைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். நடைபாதையில் ஒரு மீட்டர் சதுரத்தில் கல்லைப் பெயர்த்துவிட்டு, அதற்குள் ஒரு மரத்தைச் செருகிவைத்து, அது ஏன் பத்தாண்டுகளாக அப்படியே நிற்கிறது என்று வியப்பது பல ஊர்களில் நடக்கிறது. டொராண்டோ நகரம் தன் பசுமைக் கட்டுமான விதிகளில் ஒரு மரத்துக்கு 30 கன மீட்டர் மண் வேண்டும் என்று கேட்கிறது. ஒரு மீட்டர் ஆழம், மூன்று மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம் உள்ள ஒரு பள்ளத்தைக் கற்பனை செய்துகொண்டால் அந்த அளவு விளங்கும். தனித்தனிக் குழிகளாக இல்லாமல், பல மரங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரே நீண்ட பள்ளமாக அமைத்தால் ஒவ்வொரு மரத்துக்கும் தேவையான அளவு குறைகிறது. வேர்களும் தமக்குத் தேவையான திசையில் போகின்றன.

நடைபாதையைத் தாங்கவும் வேண்டும், வேருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்ற நெருக்கடிக்கு, 1990களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நீனா பாசுக், ஜேசன் கிராபோஸ்கி ஆகியோர் ஒரு தீர்வு கண்டார்கள். எடையில் ஏறத்தாழ நான்கு பங்கு கருங்கல் ஜல்லியும் ஒரு பங்கு களி கலந்த வண்டல் மண்ணும் சேர்த்து, மண் கல்லோடு ஒட்டிக்கொள்வதற்காகச் சிறிதளவு நீர்க்கூழ்ப் பொருளும் கலந்த ‘கட்டுமான மண்’ அது. இறுக்கி அழுத்தினாலும் ஜல்லிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு பாரத்தைச் சுமக்கும்; இடுக்குகளில் உள்ள மண் இறுகாமல் இருப்பதால் வேர் அதற்குள் நுழைந்து போகும். வீதியைப் புதிதாக அமைக்கும்போது இதைச் செய்வது எளிது, பின்னால் செய்வது மிகக் கடினம்; ஆகவே குடியிருப்போர் சங்கங்கள் வீதிச் சீரமைப்பு அறிவிப்பு வந்தவுடனே இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டு இடங்களில் கிரீன்ஸ்பையரைத் தவிர்க்கச் சொல்வேன். பனியை உருக்கக் குளிர்காலம் முழுவதும் உப்புத் தூவப்படும் பெருஞ்சாலையின் விளிம்பு ஒன்று. உப்புக் கரைசல் வேரையும், வாகனங்கள் வாரியிறைக்கும் உப்புத் துளிகள் மொட்டையும் கருக்கிவிடும். அங்கே ஹனி லோகஸ்ட் போன்ற உப்பைத் தாங்கும் மரமே பொருந்தும். நிழலே இல்லாத, சுற்றிலும் கருங்கல் பாவிய, கோடையில் கொதிக்கும் சதுக்கம் மற்றொன்று. ஜெர்மனியில் 2018 தொடங்கி அடுத்தடுத்து வந்த வறண்ட கோடைகளில் நகர மரங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், இத்தகைய இடங்களுக்கு வெள்ளி லிண்டனைத் தேடுகிறார்கள். அதன் இலையின் அடிப்புறம் வெண்மயிர் போர்த்தியிருப்பதால் வறட்சியையும் வெப்பத்தையும் நன்றாகத் தாங்குகிறது.

நாற்றுப்பண்ணையில் பார்க்க வேண்டியவை

ஐரோப்பாவில் மரக்கன்றுகளை, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை வைத்து விற்கிறார்கள்; தெருவுக்கு 16–18 அல்லது 18–20 சென்டிமீட்டர் சுற்றளவுள்ளவை வழக்கம். வட அமெரிக்காவில் தண்டின் குறுக்களவே கணக்கு. 5 முதல் 7 சென்டிமீட்டர் போதும். பெரிய மரத்தை வாங்கினால் உடனே நிழல் கிடைக்கும் என்ற ஆசை இயல்பானதே. ஆனால், தோண்டியெடுக்கும்போது பெரிய மரம் இழக்கும் வேர் அதிகம். அது அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் அருகில் நட்ட சிறிய மரம் பல நேரங்களில் அதை எட்டிப் பிடித்துவிடும். வீட்டுக்காரர்கள் சிறியதையே வாங்குவது நல்லது.

பண்ணையில் முதலில் தலையைப் பார்க்காதீர்கள், தூரைப் பாருங்கள். தண்டு மண்ணுக்குள் மின்கம்பம் போல நேராக இறங்கினால், வேர் விரியும் இடம் உள்ளே புதைந்திருக்கிறது என்று பொருள். விரலாலோ மெல்லிய கம்பியாலோ மண்ணை விலக்கி, முதல் பக்கவேர் எங்கே தொடங்குகிறதென்று தேடுங்கள். 10 சென்டிமீட்டருக்கும் ஆழமாக அது புதைந்திருக்கும் கன்றை விட்டுவிடலாம். தொட்டியில் வளர்ந்த கன்று என்றால், தொட்டிச் சுவரை ஒட்டி வேர் வட்டமாகச் சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படிச் சுற்றிய வேர், பின்னாளில் தண்டும் வேரும் பருத்துக்கொண்டே வரும்போது, தூரைக் கயிறு போல நெரிக்கும். சிற்றிலை லிண்டன் இந்தக் கேட்டுக்குக் குறிப்பாக இலக்காகும் மரம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் புயலில் முறிந்த தெருமரங்களைத் தோண்டி ஆராய்ந்தபோது, ஆழமாக நடப்பட்டு, நெரிவேரால் தூர் நலிந்து, தரைமட்டத்திலேயே ஒடிந்த லிண்டன்களை மிகுதியாகக் கண்டார்கள்.

அதன்பின் தலையைப் பாருங்கள். நடுத்தண்டு ஒன்றே ஒன்றாக உச்சிவரை போக வேண்டும். அதற்கு இணையாகப் போட்டியிடும் இரண்டாம் தண்டு இருக்கக் கூடாது. ஒரே கணுவிலிருந்து நான்கைந்து கிளைகள் ஒன்றாகக் கிளம்பும் கன்றைவிட, கிளைகள் மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளி அமைந்த கன்று பார்வைக்குச் சற்று ஒழுங்கற்றதாகத் தோன்றினாலும் அதையே எடுங்கள். ஒட்டுக்கட்டிய கன்றா, சொந்த வேரில் வளர்ந்ததா என்றும் கேட்டுக்கொள்ளலாம். சொந்த வேரில் வளர்ந்த கன்றில், ஒட்டுக்குக் கீழிருந்து வேறொரு மரம் துளிர்க்கும் தொல்லை இல்லை.

நடுதல்

இலை உதிர்ந்த பிறகும், வசந்தத்தில் மொட்டு விரிவதற்கு முன்பும் நடலாம். குளிர் கடுமையான ஊர்களில், மண் உறைநிலையிலிருந்து விடுபட்ட உடனே வரும் இளவசந்தமே பாதுகாப்பானது.

குழி அகலமாக இருக்க வேண்டும், ஆழமாக இருக்கக் கூடாது. அகலம் வேர்க்கட்டியைப் போல, அதாவது வேரும் அதைப் பற்றிய மண்ணும் சேர்ந்த கட்டியைப் போல, இரண்டு அல்லது மூன்று மடங்கு. ஆழம், தூர் விரியும் இடத்திலிருந்து வேர்க்கட்டியின் அடிவரை உள்ள உயரம் மட்டும். ஒரு குச்சியால் இந்த உயரத்தை முதலில் அளந்துவிட்டுத்தான் மண்வெட்டியைக் கையில் எடுக்க வேண்டும். குழியின் அடிமண்ணைக் கொத்திப் பஞ்சாக்காதீர்கள். கொத்திய மண் பின்னர் அமிழும், அதனுடன் மரமும் கீழே இறங்கும். நட்டு முடித்ததும் தூர் தரைமட்டத்திலோ, 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேலாகவோ இருப்பதே சரியான நடவு. களிமண் நிலமாக இருந்தால் மேலாக இருப்பதே மேல்.

சாக்கும் கம்பிக்கூடையும் கட்டிய வேர்க்கட்டியைக் குழிக்குள் நிறுத்தி, நிமிர்த்தி, பக்கங்களில் பாதி மண் தள்ளி நிலைநிறுத்திய பிறகு, தண்டைச் சுற்றிய கயிறு முழுவதையும் அறுத்துவிட வேண்டும். கூடையின் மேற்பாதியையும் சாக்கின் மேற்பகுதியையும் வெட்டி அகற்ற வேண்டும். இந்த வேலையை அவசரத்தில் தவிர்த்துவிடுகிறார்கள். மண்ணுக்குள் மறையும் தவறு என்பதால் யாருக்கும் தெரிவதில்லை, பல ஆண்டுகள் கழித்து மரம்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. தொட்டிக் கன்றாக இருந்தால், சுற்றிய வேர் உள்ள வெளி விளிம்பை, கூரிய ரம்பத்தால் நாற்புறமும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் சீவி எடுத்துவிடுங்கள். கொடுமையாகத் தோன்றினாலும் மரத்துக்கு நன்மை செய்யும் வெட்டு அது.

குழியிலிருந்து எடுத்த மண்ணையே திரும்ப நிரப்புங்கள். உரம் கலந்த செழுமையான மண்ணைக் குழியில் மட்டும் நிரப்பினால் வேர் அந்த வசதியைவிட்டு வெளியே போகாமல் அங்கேயே சுற்றத் தொடங்கும். பாதி நிரம்பியதும் தண்ணீர் விட்டு, காற்றுக்குமிழ்கள் அடங்கியபின் மீதியை நிரப்பி, குழியின் வெளிவிளிம்பில் கைப்பிடி உயரத்துக்கு ஒரு பாத்தி வரப்புக் கட்டுங்கள். அதற்குள் மரத்தூள், மரச்சீவல் அல்லது மக்கிய இலையால் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்குப் போடலாம். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. ஒரு சாண் தள்ளியே இருக்க வேண்டும். தண்டைச் சுற்றிப் புற்று போலக் குவித்துவைக்கும் வழக்கம் பட்டையை அழுகச் செய்வதோடு, நாம் அவ்வளவு கவனமாக வெளியே வைத்த தூரை மறுபடி புதைத்துவிடுகிறது.

காற்று அதிகமுள்ள தெருவில் இரண்டு அல்லது மூன்று முட்டுக்கழிகள் தேவைப்படும். மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே, அகலமான பட்டையால், சற்றே ஆடும்படி கட்டுங்கள். ஆடும் தண்டுதான் பருக்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். இளம் லிண்டனின் பட்டை மெல்லியது. குளிர்காலப் பகல் வெயிலும் இரவு உறைபனியும் மாறி மாறித் தாக்கினால் தென்மேற்குப் பக்கத்தில் பிளக்கும். ஜெர்மனியில் நாணற்பாயைச் சுற்றுவதும், மரத்துக்கென்று விற்கும் வெள்ளைப் பூச்சைப் பூசுவதும் இதற்காகத்தான்.

தண்ணீர்

புதிதாக நட்ட மரம் செத்துப்போவதற்கு முதற்காரணம் தண்ணீரின்மை. முதல் மூன்று கோடைகளில், மழை இல்லாத ஒவ்வொரு வாரமும் 50 முதல் 75 லிட்டர் வரை, ஒன்றிரண்டு தவணைகளில், மெதுவாக உள்ளிறங்கும்படி கொடுக்க வேண்டும். தினமும் ஒரு குவளை தெளிப்பதால் வேர் மேலேயே தங்கிவிடும். தண்டைச் சுற்றிக் கட்டி, சில மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாகக் கசியவிடும் நீர்ப்பைகள் தெருமரத்துக்கு மிகவும் பயனுள்ளவை. மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். விரலை மண்ணுக்குள் முழு விரல் ஆழம்வரை செலுத்தி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் விடும் பழக்கம் எல்லாக் கணக்குகளையும்விட நம்பத்தக்கது. உரம் முதல் ஆண்டில் தேவையில்லை.

கவாத்து

நட்ட ஆண்டில் ஒடிந்ததையும் காய்ந்ததையும் தவிர எதையும் வெட்ட வேண்டாம். வேரை மறுபடி உருவாக்க மரத்துக்கு இலை தேவை. மூன்றாம் ஆண்டிலிருந்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, குளிர்காலத்தின் கடைசியில் இலையற்ற மரத்தை நான்கு பக்கத்திலிருந்தும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கவாத்து செய்ய வேண்டும். ஜெர்மனியில் பறவைகள் கூடுகட்டும் காலமான மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை கடும் வெட்டுக்குச் சட்டத் தடை உண்டு. மென்மையான வடிவக் கவாத்துக்கு அனுமதி இருந்தாலும், முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது. தெருமரம் நகராட்சியின் உடைமை என்பதையும், கத்தரிக்கோலை எடுக்குமுன் அனுமதி பெற வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கவாத்தின் நோக்கம் நடுத்தண்டின் தலைமையைக் காப்பது. அதற்கு இணையாக எழும் தண்டு எதுவாயினும், அதை அடியோடு எடுக்க முடியாவிட்டால் பாதியளவுக்குக் குறைத்துவிடுங்கள். அது பின்தங்கிப் பக்கக்கிளையாக அடங்கிவிடும். அடுத்து, ஒரே இடத்தில் நெருங்கிப் பிறந்த கிளைக்கூட்டத்தைப் பாருங்கள். அவற்றுள் தண்டோடு அகன்ற கோணத்தில் பிரிவதைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, ஒடுங்கிய கோணத்தில் தண்டை ஒட்டியே எழுபவற்றைச் சில கவாத்துகளில் படிப்படியாக நீக்க வேண்டும். கவையின் மேற்புறத்தில் பட்டை மேடாகப் புடைத்திருந்தால் உள்ளே மரம் மரத்தோடு சேர்ந்திருக்கிறது. மாறாகப் பட்டை ஒரு கோடு போல உள்நோக்கி மடிந்து மறைந்தால், அந்தக் கவை பின்னாளில் பிளக்கக்கூடியது. நிலைத்து நிற்கப்போகும் கிளைகளுக்கிடையில் தண்டில் அரை மீட்டர் அளவுக்காவது இடைவெளி அமைவதும், எந்தக் கிளையும் தான் பிறந்த இடத்தில் தண்டின் பாதிப் பருமனைத் தாண்டாமல் இருப்பதும் நாம் அடைய வேண்டிய நிலை.

ஒரே முறையில் தலையின் கால் பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. கிளை தண்டோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டை போலச் சற்றே வீங்கிய வளையம் தெரியும்; வெட்டு அந்த வளையத்துக்கு வெளியே விழ வேண்டும். குச்சியை நீட்டிவிடவும் கூடாது, வளையத்தைச் சீவவும் கூடாது. வெட்டுவாயில் தாரும் சாயமும் பூசும் பழைய வழக்கத்தால் பயனில்லை. கீழ்க்கிளைகள் தண்டைப் பருக்கவைப்பவை. அவற்றை அவசரப்பட்டு எடுக்காமல், மரம் உயர உயர ஒவ்வொன்றாக நீக்கி, இறுதியில் நடைபாதைக்கு மேல் 2.5 மீட்டரும் வாகனச் சாலைக்கு மேல் 4.5 மீட்டரும் வெளியிடம் கிடைக்கச் செய்யலாம். தூரிலிருந்து கிளம்பும் இளங்குச்சிகளைக் கோடைத் தொடக்கத்திலேயே கையால் இழுத்துப் பிய்த்துவிட்டால் மீண்டும் வருவது குறையும்.

இருபது வயது வரை யாரும் தொடாமல் விட்ட மரமாக இருந்தால், நீங்களே ஏணி போட்டு ஏற வேண்டாம். பயிற்சி பெற்ற மரப் பராமரிப்பாளரை அழைத்து, பலவீனமான கவைக்கு மேலுள்ள கிளையின் நீளத்தைக் குறைத்து எடையைத் தணிப்பது பற்றிக் கேளுங்கள்.

அசுவினி, வண்டு, தேனீ

லிண்டனைப் பற்றி வரும் புகார்களில் முதலிடம் காரின் மேல் விழும் பிசுபிசுப்புக்குத்தான். அதைச் சொரிவது மரமன்று, இலையின் அடியில் சாறுறிஞ்சும் அசுவினிகள். அவற்றின் இனிப்பான கழிவு கீழே விழுந்து, பின்னர் அதில் கரும்பூசணம் படிகிறது. மரத்துக்கு இதனால் பெரிய கேடு இல்லை. கரும்புள்ளி வண்டுகளும் வேறு பூச்சிகளும் சில வாரங்களில் அசுவினிகளைத் தின்று குறைத்துவிடும். இளம் மரமாக இருந்தால் குழாய்த்தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலைகளைக் கழுவலாம். வாகனங்களை நாள் முழுவதும் நிறுத்தும் இடத்துக்கு நேர்மேலே லிண்டனை நடாமல் இருப்பதே இந்தப் புகாருக்கு உண்மையான தீர்வு.

மருந்து அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2013 ஜூன் மாதம், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள வில்சன்வில் நகரில், ஒரு வாகன நிறுத்துமிடத்தில் பூத்து நின்ற லிண்டன் மரங்களுக்கு, அசுவினியை ஒழிப்பதற்காக, நியோனிகோட்டினாய்டு வகையைச் சேர்ந்த பூச்சிமருந்து அடிக்கப்பட்டது. பூவைத் தேடி வந்த பம்பிள் தேனீக்கள் சுமார் 50,000 அந்த மரங்களின் அடியில் செத்துக் கிடந்தன. மேலும் தேனீக்கள் வராமல் தடுக்க, பூத்த மரங்களை வலையால் போர்த்த வேண்டியதாயிற்று. 2015இல் ஓரிகன் மாநிலம் அந்த வகையைச் சேர்ந்த நான்கு மருந்துகளை லிண்டன் மரங்களுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. காரின் மேல் விழும் ஒட்டலுக்காக இவ்வளவு உயிர்களைப் பறிப்பதை என்னால் எந்த விதத்திலும் ஏற்க முடியாது. மண்ணில் ஊற்றும் மருந்தும் பாதுகாப்பானதன்று; அது சாற்றோடு ஏறிப் பூந்தேனுக்கும் போகிறது.

வட அமெரிக்காவில் கிரீன்ஸ்பையரை உண்மையாகவே வாட்டுவது ஜப்பான் வண்டு. பச்சை உலோகம் போல மின்னும் தலையும் செம்பு நிற இறக்கையுறையும் கொண்ட இந்த வண்டு, ஜூலையில் கூட்டமாக வந்து இலையின் நரம்பை மட்டும் விட்டுவைத்துச் சல்லடையாக்கும். 1916இல் நியூஜெர்சியில் முதன்முதலாகக் காணப்பட்டது. 2014இல் இத்தாலியிலும், 2017இல் சுவிட்சர்லாந்தின் தென்கோடியிலும், 2023இல் ஜூரிக் அருகே குளோட்டனிலும் கண்டறியப்பட்டது. சுவிட்சர்லாந்தில் இதைக் கண்டால் படமெடுத்து, வண்டைப் பிடித்துவைத்து, மாநிலப் பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் இளம் மரங்களில் அதிகாலையில், வண்டுகள் மந்தமாக இருக்கும் வேளையில், சோப்பு நீர் நிறைந்த வாளிக்குள் உதறித் தள்ளலாம். கடையில் விற்கும் மணப்பொறிகளை மரத்தின் அருகே தொங்கவிட வேண்டாம். அவை பிடிப்பதைவிட அதிகமான வண்டுகளை அழைத்துவரும். வேர்பிடித்த மரம் ஓராண்டு இலையிழப்பைத் தாங்கி மறு ஆண்டு தளிர்த்துவிடும்.

இலைமேல் சிவந்த ஆணிகள் போல நிமிர்ந்து நிற்கும் சிறு முடிச்சுகள் ஒருவகைச் சிலந்திப்பேனால் உண்டாகின்றன. ஐரோப்பாவில் வசந்த வெயிலில் தூரைச் சுற்றி நூற்றுக்கணக்கில் குழுமும் சிவப்பும் கறுப்புமான பூச்சிகள், உதிர்ந்த லிண்டன் விதையைத் தின்ன வந்தவை. இரண்டும் மரத்தை ஒன்றும் செய்வதில்லை. அவற்றைக் கண்டு பதறி மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

பூ

நட்டுச் சில ஆண்டுகளில் மரம் பூக்கத் தொடங்கும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் இந்தப் பூவைக் காயவைத்துக் கொதிநீரில் ஊறவைத்துத் தேநீர் போல அருந்துவது நெடுங்கால வழக்கம். தெருவோர மரத்தின் பூவில் வாகனப் புகை படிந்திருக்கும் என்பதால், சாலையிலிருந்து தள்ளி நிற்கும், மருந்து படாத மரத்திலிருந்தே பறிக்க வேண்டும்; பொதுப் பூங்காவாக இருந்தால் அங்குள்ள விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மழையில்லாத நாளில், பனி உலர்ந்தபின், முற்பகலில், கொத்தில் பாதிக்கு மேல் விரிந்திருக்கும் பூக்களை அந்த நாக்குச் சிற்றிலையோடு சேர்த்துக் கிள்ளி, துணியின்மேல் ஒற்றைப் பரப்பாக விரித்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள். சிற்றிலை நொறுங்கும் பதம் வந்ததும் காற்றுப் புகாத பாத்திரத்தில் எடுத்துவைக்கலாம். பறிப்பதற்கு முன் ஒவ்வொரு கொத்தையும் ஒருமுறை மெல்ல அசைத்துவிடுங்கள். உள்ளே தேனெடுத்துக்கொண்டிருக்கும் தேனீ பறந்து போகட்டும்.